துணைக்கு வருகிறவர்

"எந்த ஆஸ்பத்திரிக்கும்மா?"

"ஆஸ்பத்திரிக்கு இல்ல. என் வீட்டுக்காரரைப் பாக்கப் போகணும்."

தொலைபேசியின் மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. நடக்க முடியாதவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் வேன் சேவையின் அலுவலகம் அது. அவசரத்துக்கு ஓடிவரும் ஆம்புலன்ஸ் அல்ல. முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவைத்தால், பின்பக்கம் சாய்தளம் வைத்த வேன் வரும். ஆளைச் சக்கர நாற்காலியோடு அப்படியே உள்ளே ஏற்றி, தரையிலுள்ள கொக்கிகளில் பெல்ட்டை மாட்டி இறுக்கிக் கூட்டிப்போவார்கள்.

"அவர் எந்த ஆஸ்பத்திரியில இருக்கார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில இல்லம்மா. என்னை மாதிரி அவரும் ஒரு இல்லத்துல இருக்கார். நான் ஊருக்கு இந்தக் கோடி, அவர் அந்தக் கோடி."

"அப்படின்னா முடியாதும்மா. டாக்டரைப் பாக்க, சிகிச்சைக்கு, இதுக்கு மட்டும்தான் எங்க வண்டி. சொந்தக்காரங்களைப் பாக்கறதுக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்க."

"சொந்தக்காரர் இல்லம்மா, புருஷன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். உடனே, "மன்னிச்சுக்குங்கம்மா" என்றாள். மன்னிக்க இதில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இவள் போனை வைத்தாள்.

இல்லத்தில் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர். வேலையில் இருந்த காலம் முழுக்கப் பேருந்து நிலையத்தின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னவள். ஓய்வு பெற்ற பிறகும் தொண்டை ஓய்வு பெறவில்லை. உப்பை எடுக்கச் சொன்னால்கூட உணவுக்கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். முதுகெலும்பில் ஏற்பட்ட கோளாறால் கால்கள் இரண்டும் செயலற்றுப் போய்ச் சக்கர நாற்காலிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இந்த இல்லத்துக்கு வரும்வரை அவளைத் தூக்கி, உட்காரவைத்து, தலை வாரிவிட்டு எல்லாம் செய்தவர் கணவர். வயர்மேன். தெருவில் யாருடைய வீட்டில் விளக்கு எரியவில்லை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய சொந்தப் பெயர் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது.

அந்த வயர்மேனுக்கு ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் போயிற்று. வெளிநாட்டில் இருக்கும் மகன் விழுந்தடித்துக்கொண்டு வந்தான். ஊரில் உள்ள இல்லங்களையெல்லாம் சல்லடை போட்டுத் தேடினான். பக்கவாதக்காரரைக் கவனிக்கிற இடத்தில் ஒரே ஒரு கட்டில்தான் காலி. அம்மாவைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்த இடத்தில் அப்பா மாதிரி நோயாளியைச் சேர்க்க மாட்டார்கள்.

"கொஞ்ச நாள்தாம்மா. காத்திருக்கறவங்க பட்டியல்ல போட்டு வெச்சிருக்கேன். இடம் கிடைச்சதும் உன்னையும் அங்கேயே மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான். பாவம், அவனும் தூங்கி எத்தனை நாள் ஆகியிருந்ததோ. கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. அவனைக் குறை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

கொஞ்ச நாள் என்பது மாதக்கணக்கில் நீண்டது. மைக்கம்மா தினமும் அந்த இல்லத்துக்குப் போன் செய்வாள். ஆயா ஒருத்தி போனைக் கொண்டுபோய் அவர் காதில் வைப்பாள். இவள் பேசுவாள். என்ன சாப்பிட்டீங்க, தூங்கினீங்களா, இங்கே குழாய் ஒழுகுது, நீங்க இருந்தா ஒரு நிமிஷத்துல சரி பண்ணியிருப்பீங்க. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். சில நேரம் ஆயா போனை எடுத்துக்கொண்டு போய்விட்டதே தெரியாமல் பேசிக்கொண்டிருப்பாள். முகம் பார்த்துப் பேசலாம் என்று மகன் ஏற்பாடு செய்த வீடியோ அழைப்பில், திரையின் மூலையில் தெரிந்த தன் கோணிய வாயைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு அவள் வீடியோ பக்கமே போகவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அவளுடைய குதிகாலில் புண் வந்தது. சர்க்கரை உடம்பு. மருத்துவமனையில் வாரம் ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காரணத்துக்கு வேன் உடனே வந்தது. திங்கட்கிழமைதோறும் போய்வந்தாள். ஒரு வாரம் வண்டி பழுதாகி, திங்கள் போக வேண்டியவள் புதன்கிழமை போனாள்.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் நீண்ட நடைபாதை. ஓட்டுநர் ஆள் வாட்டசாட்டம். பேச்சுக்கும் அவருக்கும் வெகுதூரம். அன்று நேரமாகிவிட்டதென்று நாற்காலியை வேகமாகத் தள்ளினார்.

"மெதுவாப்பா! நான் என்ன காய்கறி மூட்டையா?" என்று அவள் போட்ட சத்தம் நடைபாதையின் அந்தக் கோடிவரை போயிற்று.

"ஆச்சு!" என்று அங்கிருந்து ஒரு குரல் வந்தது.

மைக்கம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏணியில் ஏறி வேலையை முடித்து இறங்கும்போதெல்லாம் அவர் சொல்கிற சொல் அது. விசிறி மாட்டினாலும் ஆச்சு, பல்பு மாற்றினாலும் ஆச்சு. ஓட்டுநரின் கையைப் பிடித்து, "அங்க தள்ளு, அங்க தள்ளு" என்றாள். பக்கவாதக்காரர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் கூடத்தின் கதவுக்கு வெளியே, சுவரோரம், யாருடையதோ சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் நாலு நாள் தாடி. இடது கையை மட்டும் தூக்கியிருந்தார்.

"என்னங்க இது, இவ்வளவு எளச்சுப் போயிட்டீங்க?"

"ஆச்சு."

"நான் பேசறது புரியுதா?"

"ஆச்சு, ஆச்சு."

அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான். ஆமாம், இல்லை, வலிக்கிறது, எங்கே போயிருந்தாய், எல்லாவற்றுக்கும் அதுவே. சொல்லும் விதத்தை வைத்து அவள் புரிந்துகொண்டாள். முப்பத்தெட்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவளுக்கு அது பெரிய வித்தை இல்லை. இரண்டு நாற்காலிகளின் சக்கரங்களும் இடித்துக்கொண்டதில் அருகே நெருங்க முடியவில்லை. ஓட்டுநர் அவளுடைய நாற்காலியைத் திருப்பி, எதிரெதிர்த் திசை பார்த்தபடி தோளோடு தோள் இருக்கும்படி நிறுத்திவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்.

மறுநாள் வண்டி அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"எனக்கு இனிமே புதன்கிழமையே போடும்மா."

"உங்களுக்குத் திங்கள்தானேம்மா கொடுத்திருக்காங்க?"

"புதன்கிழமைதான் அவர் பயிற்சிக்கு வர்றார்."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "மத்தவங்க எப்ப வர்றாங்க போறாங்கன்னு நான் சொல்லக்கூடாதும்மா. அது ரூல். ஆனா புதன்கிழமை காலையில வண்டியில இடம் இருக்கு. கட்டு மாத்தற இடத்துல கேட்டுட்டுப் போட்டுடறேன்" என்றாள்.

அப்படித்தான் அந்தப் புதன்கிழமைகள் வந்தன. கட்டு மாற்றியதும் அவளைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் விட்டுவிடுவார்கள். இரண்டு பேருடைய வண்டியும் வரும்வரை நேரம் கிடைக்கும். கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்து அவருக்கு நகம் வெட்டிவிடுவாள். ஈரத்துணியால் கழுத்தைத் துடைப்பாள். வழக்கம்போல ஊர்க்கதையெல்லாம் பேசுவாள். அவள் குரலைக் கேட்டுப் பக்கத்தில் காத்திருக்கிறவர்கள் எழுந்து வேறு இடம் பார்த்துப் போவார்கள்; அதுவும் நல்லதாகப் போயிற்று.

மழைக்காலம் முடியும்போது குதிகால் ஆறிவிட்டது.

நர்ஸ் அவள் காலைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து, "பிரமாதம்மா! இந்த வயசுல, இந்தச் சர்க்கரையில, இவ்வளவு சீக்கிரம் ஆறி நான் பாத்ததே இல்ல. இனிமே நீங்க வரவே வேண்டாம்" என்றாள். பக்கத்து அறை டாக்டரும் வந்து தட்டிக்கொடுத்தார். மைக்கம்மா எல்லாருக்கும் நன்றி சொன்னாள். அன்று நடைபாதையில் அவரிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. வண்டி வந்துவிட்டது என்று ஓட்டுநர் வந்து நின்றபோதுகூட, "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றே சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த புதன் வந்தது, போயிற்று. அதற்கடுத்த புதனன்று மதியம், அறையில் இருந்த இன்னொரு பெண் குளிக்கப் போயிருந்தபோது, மைக்கம்மா காலுறையைக் கழற்றினாள். நாற்காலியில் கால் வைக்கும் பலகையின் இரும்பு விளிம்பில் குதிகாலை வைத்து, முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு தேய்த்தாள். அந்தக் காலில் உணர்ச்சி குறைவு, வலி தெரியவில்லை. வேறு யாருடைய காலையோ பிடித்துத் தேய்ப்பது போல இருந்தது. புதுத்தோல் ரோஜா நிறத்திலிருந்து சிவப்புக்கு வந்தது. குனிந்து பார்த்தாள். புண் இன்னும் ஆழமாகப் போனால் பாதத்தை எடுக்க வேண்டிவரும் என்று ஆரம்பத்தில் ஒரு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. பாதத்தை எடுப்பதென்றால் வாரக்கணக்கில் மருத்துவமனையிலேயே கிடக்க வேண்டும். புதன்கிழமை நடைபாதைக்கு யார் கூட்டிப்போவார்கள் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதும் பயந்துபோனாள். வெடுக்கென்று காலை எடுத்துக் காலுறையை மாட்டினாள். குளித்துவிட்டு வந்த பெண், "என்னம்மா, இன்னிக்கு ரேடியோ சத்தத்தையே காணோம்?" என்று கேலி செய்தாள். தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் போன் வந்தது. வண்டி அலுவலகத்துப் பெண். அவளாகவே கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் விஷயமாத்தான் பேசறேன். முதல்ல உங்க பையனுக்குப் போட்டேன், எடுக்கல. அடுத்து உங்க நம்பர்தான் கொடுத்திருக்காங்க."

"என்ன ஆச்சு அவருக்கு?"

"அவர் நல்லா இருக்கார்மா, பயப்படாதீங்க. வண்டியில வரும்போது பெல்ட்டைக் கழட்டிடறார். ரெண்டு வாரமா இப்படித்தான். போன புதன்கிழமை வண்டி ஓடிட்டிருக்கும்போதே கழட்டி, நாற்காலி சாஞ்சு, நல்லவேளை, பக்கத்துக் கம்பியில முட்டி நின்னுடுச்சு. கத்தறாராம். இனிமே துணைக்கு ஆள் இல்லாம அவரை ஏத்தக்கூடாதுன்னு மேலதிகாரி சொல்லிட்டார். அவங்க இல்லத்துலயும் அனுப்ப ஆள் இல்லைங்கறாங்க. துணைக்கு யாரும் வரலைன்னா அவருக்கு வண்டியை நிறுத்திடுவோம்மா. பயிற்சியும் நின்னுடும். குடும்பத்துல யாராவது வர முடியுமா?"

"நான் வர்றேன்."

"அம்மா..." அந்தப் பெண் தயங்கினாள். "நடக்கத் தெரிஞ்சவங்க யாராவது..."

"எனக்கு நடக்கத் தெரியும்மா. முடியாது, அவ்வளவுதான்."

"அதில்லைம்மா, நீங்களே வீல்சேர்ல..."

"உங்க வண்டியில ரெண்டு வீல்சேருக்கு இடம் இருக்கில்ல? நான் பாத்திருக்கேன். துணைக்கு வர்றவங்க சொந்தக் கால்ல நிக்கணும்னு உங்க ரூல்ல இருக்கா?"

"அப்படி இல்ல. யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல."

"அவரைத் தூக்க, தள்ள உங்க ஓட்டுநர் இருக்கார். அங்க அவருக்கு வேண்டியது கையும் காலும் இல்ல. பெல்ட்டைத் தொடாதீங்கன்னு ஒருத்தர் சொல்லணும், அவர் கேக்கணும். அவரு அதைக் கேக்கறதுக்கு இந்த ஊர்ல வேற யார் இருக்காங்க, சொல்லு?"

கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். மேலதிகாரி முதலில் சிரித்தாராம். பிறகு முடியவே முடியாது என்றாராம். அந்தப் பெண் விடாப்பிடியாக நின்று, ஒரே ஒரு புதன்கிழமை பார்க்கலாம், சரிவராவிட்டால் நிறுத்திவிடலாம் என்று ஒத்துக்கொள்ள வைத்ததை அவளே பின்னால் சொன்னாள். ஏன் அவ்வளவு மெனக்கெட்டாள் என்று மைக்கம்மா கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

புதன்கிழமை ஓட்டுநர் வந்து சாய்தளத்தை இறக்கினார்.

"அவருக்குத் துணை நீங்க. உங்களுக்குத் துணை யாரும்மா?" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

"நீதான்பா. வேற யார்?"

முதலில் ஏறுகிறவர் வண்டியின் முன்பக்கம். அடுத்தவர் அவருக்குப் பின்னால். அவள் முன்னால் கட்டப்பட்டாள். ஊரைக் குறுக்கே கடந்து அவருடைய இல்லத்து வாசலில் வண்டி நின்றது. இத்தனை நாளும் போனில் மட்டுமே தெரிந்த இடம். வெளிறிய மஞ்சள் சுவர், இரும்புக் கதவு, கதவருகே காயப்போட்டிருந்த படுக்கை விரிப்புகள். சன்னல் வழியாகத் தெரிந்த அளவுக்குப் பார்த்துக்கொண்டாள். ஆயா அவரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்காலி பின்னாலிருந்து ஏறியது. கொக்கிகள் மாட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அவளால் திரும்ப முடியவில்லை. அவருக்குத் தெரிந்ததும் அவளுடைய பின்னந்தலை மட்டும்தான்.

"நான்தாங்க" என்றாள், முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

பின்னாலிருந்து, மிக மெதுவாக, "ஆச்சு" என்றார்.

வண்டி கிளம்பி முதல் திருப்பத்தில் ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்து, "அம்மா, கையை பெல்ட்டுகிட்ட கொண்டுபோறார்" என்றார்.

"கையை எடுங்க" என்றாள். "பெல்ட்டைத் தொட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும்." ஆனால் வெறும் அதட்டலில் எத்தனை தெரு தாண்ட முடியும்? என்ன பேசுவதென்று தெரியாமல், வாயில் வந்ததை எடுத்துவிட்டாள். முகம் தெரியாதவர்களிடம் பேசித்தான் அவளுக்குப் பழக்கம்.

"பயணிகளின் கவனத்திற்கு. வலது பக்கம் வருவது பழைய தபால் நிலையம். எதிரே ஒரு செருப்புக்கடை, கடைக்காரர் வாசலிலேயே தூங்குகிறார். அடுத்து வருவது சிக்னல். சிவப்பு. ஓட்டுநர் பொறுமை இழக்காமல் இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

ஓட்டுநருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னாலிருந்தும் மூச்சு இரைப்பது போல ஒரு சத்தம். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று அவளால் பார்க்க முடியவில்லை. "கையை எடுத்துட்டாரும்மா, மடியில வெச்சிருக்கார்" என்றார் ஓட்டுநர். மருத்துவமனை வரும்வரை மைக்கம்மா நிறுத்தவில்லை. கடை, மரம், தண்ணீர்த் தொட்டி, சாலையைக் கடந்த நாய், எதையும் விடவில்லை.

திரும்பும்போது ஒரு சிக்கல் வந்தது. மருத்துவமனையிலிருந்து வரும் வழியில் முதலில் வருவது அவளுடைய இல்லம்.

"உங்களை இறக்கிட்டு அவரைக் கொண்டுபோய் விட்டா எனக்கு ஒரு சுத்து மிச்சம்மா" என்றார் ஓட்டுநர்.

"நான் இறங்கிட்டா மிச்ச வழிக்கு அவரை யாருப்பா பாத்துக்கறது?"

ஓட்டுநர் யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஆக, அவளுடைய வாசலைத் தாண்டி, ஊரைக் கடந்து, அவரை விட்டுவிட்டு, மறுபடி இந்தக் கோடிக்கு அவளைக் கொண்டுவர வேண்டும் என்று முடிவாயிற்று. மேலதிகாரிக்கு இந்தச் சுற்று பிடிக்கவில்லை. ஆனால் பெல்ட் கழலவில்லை, நாற்காலி சாயவில்லை என்று ஓட்டுநர் சொன்னார். அடுத்த புதனும் போகலாம் என்று அலுவலகத்துப் பெண் போனில் சொன்னபோது மைக்கம்மா போட்ட சத்தத்தில், வராந்தாவில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த ஆயா தட்டை நழுவவிட்டாள்.

அப்படியே வெயில்காலமும் வந்தது. அவர் இடது கையால் தானே சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொண்டார். பேச்சு வரவில்லை, இனி வருமென்று யாரும் சொல்லவும் இல்லை. வாரம் ஒருமுறை இருந்த பயிற்சியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்கினார்கள். இன்னும் கொஞ்ச நாளில் அதையும் நிறுத்திவிடுவார்கள் என்று மைக்கம்மாவுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மகன் பேசும்போது, "பட்டியல்ல நமக்கு முன்னாடி இன்னும் சில பேர் இருக்காங்கம்மா" என்றான். அந்தச் சில பேர் எப்படிக் குறைவார்கள் என்பதை அவள் யோசிக்கப் பிரியப்படவில்லை. சாப்பிட்டாயா, குளிர் விட்டதா என்று அவனைக் கேட்டாள்.

பயிற்சி இருந்த ஒரு புதன்கிழமை, அவருடைய இல்லத்தின் முன் வண்டி நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். கொக்கிகள் கழன்றன. சாய்தளத்தில் நாற்காலியைப் பின்னோக்கித்தான் இறக்குவார்கள். அதனால் அவர் வண்டியின் உள்ளே பார்த்தபடியே இறங்குவார் என்று அவளுக்குத் தெரியும். அவர் பார்ப்பதற்காக வலது கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒழுங்கா சாப்பிடுங்க. ஆயாகிட்ட சண்டை போடாதீங்க. தாடியை எடுக்கச் சொல்லுங்க" என்று முன்கண்ணாடியிடம் சொன்னாள். "அடுத்த வாரம் இல்ல, அதுக்கடுத்த வாரம்தான். ஞாபகம் வெச்சுக்குங்க."

அவர் ஏதோ சொன்னார். வண்டியின் இயந்திரச் சத்தத்தில் அது ஆச்சுதானா, வேறு ஏதாவதா என்று பிடிபடவில்லை. இரும்புக் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் கையை இறக்கினாள். தோள்பட்டை விண்ணென்று வலித்தது.

ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்தார். பின்னால் காலியான இடத்தில் பெல்ட்டுகள் தரையில் கிடந்து வண்டியின் அசைவுக்கு இங்கும் அங்கும் உரசிக்கொண்டிருந்தன.

"ரேடியோ போடவாம்மா?"

"வேண்டாம்பா."

தபால் நிலையம் போயிற்று. செருப்புக்கடையில் விளக்குப் போட்டிருந்தார்கள். சிக்னலில் வண்டி வெகுநேரம் நின்றது. மைக்கம்மா எதையும் அறிவிக்கவில்லை. பச்சை விழுந்ததும், "சரி, ஏதாவது போடு" என்றாள்.

ஓட்டுநர் கையை நீட்டி ரேடியோவைத் திருகினார். யாரோ ஒருத்தி நாளைய வானிலையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல குரல்தான், ஆனால் அவசரப்படுகிறாள் என்று மைக்கம்மா நினைத்துக்கொண்டாள்.